மாயத்துக்குக் காரணம் வேண்டுமா, நிபந்தனை போதுமா? நாட்டார் கதைப் படங்கள் பற்றி ஒரு விவாதம்

நெடுவழி எழுதியது:

சில மாதங்களாக நாட்டார் கதைகளிலிருந்து பிறந்த படங்களையே தேடித் தேடிப் பார்த்துவருகிறேன். மனத்தில் ஒரு எண்ணம் ஊறிக்கொண்டே இருக்கிறது. அதை இங்கே வைக்கிறேன். சில படங்களின் முடிவுகளைச் சொல்லாமல் பேச முடியாது. இன்னும் பார்க்காதவர்கள் அந்தப் பத்திகளைத் தாண்டிச் செல்லுங்கள்.

என்னைத் திரும்பத் திரும்ப ஏமாற்றுவது ஒரே இடம்தான். ஆவி வரும் படம் முதல் ஒரு மணி நேரம் ஆளைக் கட்டிப்போடும். பிறகு விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் வந்து அமர்வார். அந்த ஆவி யார், எப்படி இறந்தது, யார் கொன்றார்கள், ஏன் இந்த வீட்டை விட்டுப் போகவில்லை என்று ஒன்றுவிடாமல் சொல்வார். அவர் சொல்லி முடிக்கும்போது எனக்குள் இருந்த அச்சமும் வியப்பும் வடிந்திருக்கும். கையில் மிஞ்சுவது ஒரு கொலை வழக்கு.

வேதாளக் கதையை நினைத்துப் பாருங்கள். வேதாளம் ஏன் முருங்கை மரத்தில் தொங்குகிறது என்று கேட்டால் நம்மில் பலர் யோசிப்போம். நிபந்தனை என்னவென்று கேட்டால் உடனே சொல்லிவிடுவோம். வழியில் வாய் திறந்தால் வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை சுக்குநூறாக வெடிக்கும். இந்த இரண்டுக்கும் இடையில் விக்கிரமாதித்தன் தோளில் பிணத்தோடு நடக்கிறான். கதை முழுவதும் அந்த இடுக்கில்தான் உயிரோடு இருக்கிறது.

நாட்டார் கதை 'ஏன்' என்பதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. 'எதுவரை', 'எதைச் செய்யக் கூடாது', 'மீறினால் என்ன' என்பவற்றில் மட்டும் இம்மியளவும் விட்டுக்கொடுக்காது. நல்ல மாயப் படங்களும் அப்படித்தான் என்பது என் எண்ணம்.

கியெர்மோ டெல் டோரோவின் 'பான்ஸ் லாபிரிந்த்' (2006) 1944ஆம் ஆண்டு ஸ்பெயினில் நடக்கிறது. சிறுமி ஒஃபேலியாவிடம் ஆட்டுக் கொம்பும் ஆட்டுக் காலும் கொண்ட வனதேவன் மூன்று பணிகளை ஒப்படைக்கிறான். இரண்டாவது பணிக்கு ஒரே எச்சரிக்கை: அங்கே விருந்து பரப்பியிருக்கும், எதையும் உண்ணாதே. மேசையின் தலைமாட்டில் வெளிறிய ஒருவன் அசையாமல் அமர்ந்திருக்கிறான். முகத்தில் கண்கள் இல்லை. அவை முன்னால் ஒரு தட்டில் கிடக்கின்றன. அவன் யார் என்று யாரும் சொல்வதில்லை. சுவரில் சில ஓவியங்கள், ஓரத்தில் குழந்தைகளின் செருப்புக் குவியல், அவ்வளவுதான். ஒஃபேலியா இரண்டு திராட்சைகளை வாயில் போடுகிறாள். அவன் கண்களை எடுத்து உள்ளங்கைகளில் பொருத்திக்கொண்டு எழுகிறான். அவளுக்குத் துணையாக வந்த குட்டித் தேவதைகளில் இரண்டு அவன் வாய்க்குள் போகின்றன. இரண்டு திராட்சைக்கு இரண்டு உயிர். இந்தக் கணக்கு எனக்குப் போதும். அவனுடைய பூர்வ கதை வேண்டாம்.

உங்களுக்கு எப்படி? இந்தக் கணக்குக்கு அடங்காத நல்ல படங்கள் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

மழைக்குருவி எழுதியது:

நெடுவழி, நீங்கள் படங்களில் கண்டதை ரஷ்ய அறிஞர் விளாதிமிர் ப்ராப் 1928இல் கதைகளில் கண்டார். நூறு ரஷ்ய மாயக் கதைகளைப் பிரித்துப் பார்த்து, அவற்றில் வரும் செயல்களை 31 வகைகளாக அடுக்கினார். முதல் செயல், வீட்டில் ஒருவர் வெளியே போவது. இரண்டாவது தடை. மூன்றாவது தடைமீறல். அரக்கன் அதற்குப் பிறகுதான் வருகிறான். கதையின் கதவைத் திறப்பதே தடைதான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கோபயாஷி மசாகியின் 'குவைதான்' (1964) படத்தில் வரும் பனிப்பெண்ணையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். பனிப்புயலில் ஒதுங்கிய இரண்டு விறகுவெட்டிகளில் முதியவரை அவள் மூச்சுக்காற்றால் உறைய வைத்துக் கொல்கிறாள். இளைஞனை விட்டுவிடுகிறாள். இன்று கண்டதை யாரிடமும், பெற்ற தாயிடம்கூட, சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. ஆண்டுகள் ஓடுகின்றன. அவன் ஒரு பெண்ணை மணக்கிறான், பிள்ளைகள் பிறக்கிறார்கள். ஒரு இரவு விளக்கொளியில் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பழைய முகம் நினைவுக்கு வருகிறது. சொல்லிவிடுகிறான். அவள்தான் அவள்.

அந்தக் காட்சியில் என்னை உலுக்குவது அவனுடைய வெகுளித்தனம். அவன் துரோகம் செய்யவில்லை. மனைவியிடம் மனம்விட்டுப் பேசினான். நெருக்கம் கூடக் கூட ரகசியம் காப்பது கடினமாகும் என்பது அந்த நிபந்தனைக்குள்ளேயே ஒளிந்திருந்தது.

ஆறாம்விரல் எழுதியது:

நான் உடன்படவில்லை. விளக்கம் கொடுத்தால் மாயம் செத்துவிடும் என்பது மிகைப்படுத்தல். 'தும்பாட்' (2018) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே முழுக் கதையையும் சொல்லிவிடுகிறார்கள். வளத்தின் தேவிக்குக் கோடிக்கணக்கில் தெய்வப் பிள்ளைகள். மூத்தவன் ஹஸ்தர். பொன்னுக்கும் தானியத்துக்கும் ஒருசேர ஆசைப்பட்டான். பொன் கிடைத்தது, தானியத்தைத் தொடுமுன் மற்ற தெய்வங்கள் தாக்கின. தாய் அவனைக் காப்பாற்றித் தன் கருவறைக்குள் வைத்துக்கொண்டாள். காரணம், வரலாறு, குடும்பச் சண்டை எல்லாம் முதல் சில நிமிடங்களில் வந்துவிடுகின்றன. படம் கெட்டதா? இல்லை. என்னைப் பொறுத்தவரை இந்தியத் திரையில் வந்த மிகச் சிறந்த மாயக் கதை அது.

நெடுவழி எழுதியது:

நல்ல எடுத்துக்காட்டு. அதனாலேயே விரிவாகப் பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு வேறுபாடு. நான் குறை சொன்ன விளக்கம் நடுவில் வந்து, அதுவரை கண்டதையெல்லாம் சிறியதாக்கிவிடுகிறது. 'தும்பாட்' கதையைத் தொடக்கத்தில் சொல்கிறது. அதுவும் தகப்பன் மகனுக்குச் சொல்லும் கதையாக. அதற்குப் பிறகும் நாம் நிழலில்தான் நிற்கிறோம்.

இரண்டாவது, அந்தத் தொன்மக் கதைக்குள் ஒளிந்திருப்பவை எல்லாம் நிபந்தனைகள். ஹஸ்தரை யாரும் வழிபடக் கூடாது. அவனிடம் பொன் இருக்கிறது, ஆனால் அவன் பசி தானியத்துக்கு. ஆகவே மாவால் வட்டம் போட்டால் அவன் அதைத் தாண்ட மாட்டான். மாவுப் பொம்மை ஒன்றைக் கொடுத்தால், அவன் அதைத் தின்று முடிக்கும்வரை அவன் இடுப்புத் துணியிலிருந்து காசுகளை உதிர்க்கலாம். ஒரு பொம்மை, ஒரு கைப்பிடிக் காசு. படத்தின் நாயகன் விநாயக் ஆண்டுக்கணக்கில் இதை வைத்துப் பிழைக்கிறான். அவன் மகன்தான் கேட்கிறான்: ஒவ்வொரு காசாக எதற்கு, துணியையே உருவிக்கொண்டு வந்துவிட்டால் என்ன? நிறையப் பொம்மைகளோடு, கருவறைக்குப் போகும் கிணற்றுக்குள் இறங்குகிறார்கள். பொம்மைக்கு ஒரு ஹஸ்தர் வீதம் வந்து இறங்குகிறான்.

அந்த இடத்தில் என் மூச்சு நின்றுவிட்டது. படம் நம்மை ஏமாற்றவில்லை. முதலில் சொன்ன விதியை அப்படியே நீட்டியிருக்கிறது. பேராசைக்குத் தண்டனை என்று யாரும் பேசவில்லை. பெருக்கல் கணக்கு பேசியது.

1918, 1933, 1947 என்று மூன்று காலத்தில் கதை நகர்கிறது. நாட்டில் எல்லாமே மாறிக்கொண்டிருக்கும்போது கிணற்றுக்குள் விதி மட்டும் மாறவில்லை.

பொன்வண்டு எழுதியது:

இந்த இழையைப் படிக்கும்போது ஒரு துணைச் செய்தி நினைவுக்கு வருகிறது. ஹஸ்தர் என்ற பெயரில் புராணங்களில் ஒரு தெய்வமும் இல்லை. படத்துக்காகப் படைக்கப்பட்டவன் அவன். பார்த்த பலர் அதைப் பழைய மராட்டியக் கதை என்றே நம்பினார்கள்.

இது புதிதல்ல. நிக்கொலாய் கோகல் 1835இல் 'வீய்' என்ற கதையை வெளியிட்டபோது, இது மக்கள் சொல்லும் கதை, தான் கேட்டபடியே எழுதியிருப்பதாக ஒரு குறிப்பும் சேர்த்தார். தரைவரை தொங்கும் இமைகளைக் கொண்ட அந்த உருவத்தை உக்ரைன் நாட்டார் கதைகளில் ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தும் அந்தப் பெயரில் அப்படியே கிடைக்கவில்லை. 1967இல் சோவியத் நாட்டில் அது படமானது. இறந்த பெண்ணின் உடலருகே மூன்று இரவுகள் தேவாலயத்தில் பிரார்த்தனை படிக்க வேண்டும். மாணவன் தன்னைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டுக்கொள்கிறான். வட்டத்துக்குள் இருக்கும்வரை அவன் அவள் கண்ணில் படமாட்டான். மூன்றாம் இரவு வீய் வருகிறது, 'என் இமைகளைத் தூக்குங்கள்' என்கிறது. பார்க்காதே என்று உள்ளிருந்து ஒரு குரல் அவனை எச்சரிக்கிறது. பார்த்துவிடுகிறான். அவன் பார்த்ததால் அது அவனைப் பார்க்கிறது.

மாவு வட்டமும் சுண்ணாம்பு வட்டமும் எங்கோ ஒரே மண்ணில் முளைத்தவை போலத் தோன்றுகின்றன.

நம் பக்கம் 'மாயா பஜார்' (1957) இருக்கிறது. அபிமன்யு வத்சலாவை மணக்கும் கதை வியாச பாரதத்தில் இல்லை. மக்கள் வாய்மொழியிலும் கூத்திலும் வளர்ந்த கதை அது. ஆகவே 'அசல் நாட்டார் கதையா, கற்பனையா' என்று பிரித்துப் பார்ப்பதில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. கேட்டவர் திருப்பிச் சொல்லக்கூடிய வடிவம் அதற்கு இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். நெடுவழி சொல்லும் நிபந்தனை அந்த வடிவத்துக்கு எலும்பு. பெயர்கள் மறந்தாலும் 'வட்டத்தை விட்டு வெளியே வராதே' என்பது மறக்காது.

திரைமறைவு எழுதியது:

கதையைப் பற்றியே பேசுகிறீர்கள். மாயம் திரையில் எப்படி நிகழ்கிறது என்பதையும் கொஞ்சம் பேசுவோம். நான் படத்தொகுப்புத் துறையில் இருப்பவன், என் கண் அங்கேதான் போகும்.

பொன்வண்டு 'மாயா பஜார்' என்றதும் எனக்கு நினைவு வந்தது மார்க்கஸ் பார்ட்லியின் கேமரா தந்திரங்கள் அல்ல, சாவித்திரியின் தோள்கள். கடோத்கஜன் வத்சலாவின் உருவம் எடுத்து மணப்பந்தலுக்குள் போகிறான். உருவம் மாறிவிட்டது, உள்ளே இருப்பது அரக்கன். சாவித்திரி அதை நடையில், புருவத்தில், ஆணின் மிடுக்கோடு தோளை நிமிர்த்துவதில் காட்டுகிறார். கேமரா ஒன்றும் செய்யவில்லை. ஒரு நடிகையின் உடல் செய்தது. அந்தப் படத்தில் எனக்கு மிகப் பெரிய மாயம் அதுதான்.

ழான் கொக்தோவின் 'அழகியும் அரக்கனும்' (1946) போர் முடிந்த கையோடு எடுக்கப்பட்டது. அரண்மனைச் சுவரிலிருந்து மனிதக் கைகள் நீண்டு விளக்குகளைப் பிடித்திருக்கின்றன. அவை உண்மையான கைகள். சுவருக்குப் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். மெழுகுவர்த்திகள் தாமாக எரியத் தொடங்குவது, அவற்றை அணைத்துப் படம்பிடித்துப் பின்னோக்கி ஓட்டியதால். அழகி தாழ்வாரத்தில் நடக்காமல் மிதந்து வருவது, சக்கரம் வைத்த பலகையில் நிற்பதால். எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்த பிறகும் எனக்குச் சிலிர்ப்பு குறையவில்லை. கணினியில் வரைந்த நூறு அரக்கர்கள் கொடுக்காத சிலிர்ப்பு அது. அந்தக் கைகளுக்கு எடை இருக்கிறது, நடுக்கம் இருக்கிறது. பிடித்துப் பிடித்து வலித்திருக்கும் என்று நம் உடலுக்குத் தெரிகிறது.

சத்யஜித் ராய் தன் தாத்தா உபேந்திரகிஷோரின் கதையை வைத்து எடுத்த 'கூப்பி காயேன் பாகா பாயேன்' (1969) படத்தில் பேய்களின் நடனம் சுமார் ஆறரை நிமிடம் ஓடுகிறது. அரசர்கள், குடியானவர்கள், வெள்ளைக்காரர்கள், கொழுத்தவர்கள் என்று நான்கு வகைப் பேய்கள். வசனம் கிடையாது, பாட்டுச் சொற்களும் கிடையாது. மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங் மட்டும். வங்காளக் காட்டுப் பேய்கள் நம் தாள வாத்தியக் கச்சேரிக்கு ஆடுகின்றன. ஒவ்வொரு வகைக்கும் ஒரு வாத்தியம் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார். யார் பேசுகிறார்கள் என்பதைத் தாளமே சொல்லிவிடுகிறது.

நெடுவழிக்கு ஒரு பரிசும் இதில் இருக்கிறது. பேயரசன் கொடுக்கும் மூன்று வரங்களில் இரண்டு பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. பாடகன் கூப்பியும் மேளக்காரன் பாகாவும் ஒருவர் உள்ளங்கையை மற்றவர் உள்ளங்கையோடு தட்ட வேண்டும். தனியாகத் தட்டினால் ஒன்றும் நடக்காது. 'இவர்கள் நண்பர்கள்' என்று படம் ஓரிடத்திலும் வசனமாகச் சொல்லத் தேவையில்லாமல் போய்விட்டது.

இரவுப்பறவை எழுதியது:

எல்லோரும் ஒரே திசையில் போவதால் நான் மறுபக்கம் நிற்கிறேன். நிபந்தனையே இல்லாத ஒரு படம்: அபிச்சாட்போங் வீரசெத்தகுல் எடுத்த தாய்லாந்துப் படம். தன் முற்பிறவிகளை நினைவுகூரும் அங்கிள் பூன்மீயின் கதை. 2010இல் கான் விழாவின் தங்கப்பனை விருது அதற்குத்தான்.

பூன்மீக்குச் சிறுநீரகம் செயலிழந்துவருகிறது. இரவில் உறவினர்களோடு சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். காலி நாற்காலியில் மெல்ல மெல்ல ஒரு உருவம் தெளிகிறது. என்றோ இறந்த மனைவி. ஒரு கணம் திடுக்கிடுகிறார்கள். பிறகு பேசுகிறார்கள், பழைய புகைப்படங்களைக் காட்டுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் காணாமல்போன மகன் படியேறி வருகிறான். உடலெங்கும் கரிய மயிர், இருளில் சிவந்து ஒளிரும் இரண்டு கண்கள். ஏன் இவ்வளவு முடி வளர்த்திருக்கிறாய் என்று அவனிடம் விசாரிக்கிறார்கள்.

எதைச் செய்யக் கூடாது? ஒன்றும் சொல்லப்படவில்லை. மீறினால் என்ன? மீறுவதற்கு ஏதுமில்லை. இறந்தவர்கள் வருகிறார்கள், உட்காருகிறார்கள், அவ்வளவுதான். ஆனாலும் நான் பார்த்த படங்களில் மாயத்தை இவ்வளவு அருகில் உணர்ந்தது வேறெதிலும் இல்லை. நெடுவழி, உங்கள் அளவுகோலில் இது எங்கே நிற்கும்?

ஆறாம்விரல் எழுதியது:

முதல் முறை பார்த்தபோது பாதியில் நிறுத்திவிட்டேன். என்னால் அந்த மெதுவைத் தாங்க முடியவில்லை. இரவுப்பறவை எழுதியதைப் படித்தபின் அந்தச் சாப்பாட்டு மேசைக் காட்சியை மட்டும் நேற்று மறுபடி பார்த்தேன். மகனிடம் முடியைப் பற்றி விசாரிக்கும் இடத்தில் கண் கலங்கியது. அவனுக்கு என்ன ஆகியிருந்தாலும் வீட்டில் கேட்கும் கேள்வி அதுதானே.

நெடுவழி எழுதியது:

இரவுப்பறவை, இரண்டு நாள் இதையே யோசித்தேன். என் அளவுகோல் அங்கே பொருந்தவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.

நாட்டார் கதையின் தர்க்கமும் கனவின் தர்க்கமும் வேறு போலும். கதையில் வாசல் உண்டு, வாசற்படியில் எச்சரிக்கை உண்டு. கனவில் நாம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறோம். எச்சரிக்கை சொல்ல அங்கே யாருமில்லை. பூன்மீ சாவுக்கு மிக அருகில் இருக்கிறார். வாசலைத் தாண்டிவிட்டார் என்றே சொல்லலாம். அதனால்தான் அங்கே விதிகள் வலுவிழந்துவிட்டனவோ?

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தப் படமும் காரணம் சொல்லவில்லை.

மழைக்குருவி எழுதியது:

நிபந்தனை, நிபந்தனை என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அதை யார் போடுகிறார்கள், யார் தலையில் விழுகிறது என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

விஜய்தான் தேதா ராஜஸ்தானி மொழியில் எழுதிய ஒரு கதை இரண்டு முறை படமாகியிருக்கிறது. மணி கௌல் 1973இல் 'துவிதா' எடுத்தார். அமோல் பாலேகர் 2005இல் 'பஹேலி' எடுத்தார். வணிகரின் மகன் புது மனைவியோடு ஊர் திரும்புகிறான். வழியில் மரத்திலிருக்கும் பேய் ஒன்று அவளைப் பார்த்து மயங்குகிறது. வீடு வந்து சேர்ந்ததும் கணவன் ஐந்து ஆண்டு வணிகத்துக்காகக் கிளம்பிவிடுகிறான். பேய் அவன் உருவில் வீட்டுக்குள் வருகிறது. மாமனாருக்குத் தினமும் பொற்காசு கிடைக்கிறது, அவர் கேள்வி கேட்கவில்லை. ஆனால் பேய் அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறது. நான் உன் கணவன் அல்ல, இருக்கவா, போகவா என்று கேட்கிறது.

கதையில் அவளிடம் அனுமதி கேட்ட ஒரே ஆள் பேய்தான். திருமணத்துக்கு முன்பும் கேட்கவில்லை, பயணத்துக்கு முன்பும் கேட்கவில்லை. அவள் 'இரு' என்கிறாள். அந்த ஒரு சொல்லுக்காகவே இந்தக் கதையை எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்பேன்.

பிறகு உண்மைக் கணவன் திரும்பி வருகிறான். ஒரே முகத்தோடு இரண்டு பேர். யார் அசல் என்று ஊருக்குத் தெரியவில்லை. ஒரு ஆட்டிடையன் தீர்ப்புச் சொல்கிறான்: உண்மையானவன் எவனோ அவன் இந்தத் தோல் பைக்குள் நுழையட்டும். பேய் நுழைகிறது. பையின் வாய் கட்டப்படுகிறது. மனிதனால் நுழைய முடியாது என்பது இடையனுக்குத் தெரியும். பேய்க்கோ, தன் அன்பு பொய்யில்லை என்று காட்ட வேண்டும். உண்மையானவன் என்ற சொல்லைக் கேட்டு அது ஏமாந்தது.

இதுவரை இரண்டு படங்களும் ஏறக்குறைய ஒன்று. முடிவுதான் வேறு. 'பஹேலி'யில் பேய் தப்பி, கணவனின் உடலுக்குள்ளேயே புகுந்துவிடுகிறது, அவள் மகிழ்கிறாள். 'துவிதா'வில் பேய் போனது போனதுதான். அவள் அந்த வீட்டில் அந்தக் கணவனோடு மௌனமாக எஞ்சுகிறாள். எனக்கு 'துவிதா'தான் உண்மையாகப் படுகிறது. அந்த மௌனத்தை எந்த மந்திரத்தாலும் நிரப்பக் கூடாது.

ஆறாம்விரல் எழுதியது:

அக்கா, இதில் உங்களோடு சண்டை போடுவேன். ஒரு பெண் வாழ்க்கையில் முதன்முறையாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறாள். அதைப் பறித்து அவளை மூலையில் உட்கார வைப்பதுதான் உயர்ந்த கலையா? மக்கள் கதைகள் துயரத்தில் மட்டும் முடிவதில்லை. ஏழை அரசனாவதும் ஊமை பேசுவதும் கதைகளில்தான் நடக்கும். 'பஹேலி'யின் முடிவு அவள் கேட்டதை அவளுக்குக் கொடுக்கிறது. வாழ்க்கை கொடுக்காததைக் கதை கொடுத்தால் அது பொய்யாகிவிடுமா?

மழைக்குருவி எழுதியது:

பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த முடிவில் கணவன் எங்கே போனான்? அவன் கஞ்சன், அன்பில்லாதவன், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் அவனும் ஓர் ஆள். அவன் உடலைப் பேய் எடுத்துக்கொண்டதை எல்லோரும் கொண்டாடும்போது எனக்கு ஏதோ உறுத்தியது. முன்பு அவளைக் கேட்காமல் செய்தார்கள். இப்போது அவனைக் கேட்காமல் செய்கிறார்கள்.

இருந்தாலும் நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. 'துவிதா'வைத் தாங்கிக்கொள்ளும் வசதி பார்வையாளருக்கு இருக்கிறது, அவளுக்கு இல்லை.

பொன்வண்டு எழுதியது:

'எல்லாம் மனப்பிரமையா, நிஜமா' என்று முடிக்கும் படங்களைப் பற்றியும் ஒரு சொல். பிரெஞ்சில் எழுதிய இலக்கியக் கோட்பாட்டாளர் ஸ்வெட்டான் தொதோரோவ் 1970இல் ஒரு வரையறை கொடுத்தார். கண்டது இயற்கைக்கு உட்பட்டதா, அப்பாற்பட்டதா என்று முடிவு செய்ய முடியாமல் வாசகர் தயங்கும் அந்த நேரம்தான் அதிபுனைவு. தயக்கம் தீர்ந்ததும் அது வேறு வகையாகிவிடும்.

நெடுவழி சொன்ன ஒஃபேலியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அவளுடைய மாற்றாந்தந்தையான கேப்டன் பார்க்கும்போது வனதேவன் அவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. சிறுமி வெற்றிடத்தோடு பேசிக்கொண்டிருக்கிறாள். சரி, கற்பனைதான் என்று முடிவெடுக்கப் போவோம். ஆனால் பூட்டிய அறையிலிருந்து அவள் எப்படி வெளியே வந்தாள்? சுண்ணக்கட்டியால் சுவரில் கதவு வரைந்துதான். படம் இரண்டு பக்கமும் சாட்சி வைத்திருக்கிறது.

காரணம் சொல்லியும் கெடாத படம் ஒன்றும் உண்டு: 'மணிச்சித்ரதாழ்' (1993). நாகவல்லி ஆவியல்ல, நாயகி கங்காவின் மனநோய் என்று மருத்துவர் விளக்குகிறார். ஆனால் குணப்படுத்துவது விளக்கத்தால் அல்ல. நாகவல்லிக்கு அவள் கேட்ட பழிவாங்கலைக் கொடுக்கிறார்கள். ஆளுக்குப் பதில் பொம்மையை வைத்து வெட்ட விடுகிறார்கள். மருத்துவரே கதையின் விதிக்குக் கட்டுப்பட்டுத்தான் கதைக்கு வெளியே வர முடிகிறது.

திரைமறைவு எழுதியது:

நெடுவழிக்கு ஒரு வேண்டுகோள். மிசோகுச்சி கென்ஜியின் 'உகெட்சு' (1953) படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஏற்கெனவே பார்த்திருந்தால் கடைசி இருபது நிமிடங்களை மறுபடி பாருங்கள். 1776இல் வெளியான உவேதா அகினாரியின் கதைத் தொகுப்பிலிருந்து எடுத்தது.

போர்க்காலத்தில் கெஞ்சூரோ என்ற குயவன் காசாசையில் மனைவியையும் மகனையும் வழியில் விட்டுவிட்டு நகரத்துக்குப் போகிறான். அங்கே வகாசா என்ற சீமாட்டியிடம் மயங்கிக் கிடக்கிறான். அவள் உயிரோடு இல்லை. துறவி ஒருவர் அவன் முதுகில் மந்திர எழுத்துகளை எழுதி அனுப்புகிறார். அவளால் அவனைத் தொட முடியவில்லை. 'குவைதான்' படத்தின் இன்னொரு கதையிலும் ஹோயிச்சி என்ற பார்வையற்ற இசைக்கலைஞனை ஆவியிடமிருந்து காக்க, அவன் உடல் முழுவதும் பௌத்தச் சூத்திரத்தை எழுதுகிறார்கள். காதுகளை மறந்துவிடுகிறார்கள், ஆவி காதுகளை மட்டும் பிய்த்துக்கொண்டு போகிறது. ஆக வகாசாவின் பகுதி முழுவதும் நெடுவழியின் கணக்குக்குள் அடங்கும். நான் பார்க்கச் சொல்வது அதற்குப் பிறகு வருவதை. மனைவி மியாகியைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நெடுவழி எழுதியது:

பார்த்தேன். நேற்றிரவு ஒரு முறை, இன்று காலை அந்தக் காட்சியை மட்டும் நான்கு முறை.

கெஞ்சூரோ வீடு திரும்புகிறான். இருட்டு. மனைவியின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே முன்வாசல் வழியாக நுழைகிறான். அடுப்பு அணைந்து கிடக்கிறது, வீடு வெறுமையாக இருக்கிறது. பின்வாசல் வழியாக வெளியேறி வீட்டைச் சுற்றி நடக்கிறான். கேமரா உள்ளேயே இருந்து, சன்னல்களில் அவன் கடப்பதைப் பின்தொடர்ந்து திரும்புகிறது. அவன் மறுபடி முன்வாசலுக்கு வரும்போது அதே அறையில் அடுப்பு எரிகிறது, மியாகி அதன் முன்னால் அமர்ந்திருக்கிறாள். நடுவில் ஒரு வெட்டுகூட இல்லை. திரைமறைவு, நீங்கள் ஏன் இதை எனக்குக் கொடுத்தீர்கள் என்று புரிகிறது. வெட்டு இருந்திருந்தால் அதைத் தந்திரம் என்று என் மனம் ஒதுக்கியிருக்கும்.

அவள் கஞ்சியைக் கிண்டுகிறாள், அவனுக்கு மது ஊற்றுகிறாள். அவன் மகனோடு படுத்து உறங்குகிறான். அவள் உறங்கவில்லை. விளக்கருகில் உட்கார்ந்து அவனுடைய துணியைத் தைக்கிறாள். விடிந்ததும் ஊர்ப் பெரியவர் வந்து சொல்கிறார், அவள் எப்போதோ சிப்பாய்களால் கொல்லப்பட்டுவிட்டாள் என்று.

இங்கே நிபந்தனை இல்லை. விடியும்வரைதான் இருப்பேன் என்று அவள் சொல்லவில்லை. என்னைத் தொடாதே, யாரிடமும் சொல்லாதே என்று ஒன்றுமில்லை. வகாசாவுக்கு விதி இருந்தது, மந்திரம் இருந்தது, முறிவு இருந்தது. மியாகிக்கு முடிக்காத வேலை மட்டும் இருந்தது. அவன் கிழிந்த துணியோடு வருவான், பையன் தூங்க வேண்டும், அடுப்பு எரிய வேண்டும்.

பூன்மீயைப் பார்த்தபோது, கனவுக்கு விதி இல்லை என்று எழுதித் தப்பித்தேன். இது கனவுமல்ல. ஆகவே முதல் பதிவில் எழுதியதைத் திருத்துகிறேன். அந்நியமாக வரும் ஆவி நிபந்தனையோடு வருகிறது. வீட்டு ஆள் ஆவியாக வரும்போது நிபந்தனை கேட்பதற்கு யாருமில்லை.

ஒரு சின்ன விஷயம், திரைமறைவுக்கு. நான்காவது முறை பார்க்கும்போதுதான் மகனைக் கவனித்தேன். ஊர்ப் பெரியவர் தன் வீட்டில் வளர்த்துவந்த பிள்ளை அன்றிரவு தானாக எழுந்து பழைய வீட்டுக்கு வந்திருக்கிறான். பெரியவர் அவனைத் தேடிக்கொண்டுதான் காலையில் வருகிறார். அம்மா வந்துவிட்டாள் என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று படம் சொல்லவில்லை.

திரைமறைவு எழுதியது:

அதை நான் இதுவரை யோசித்ததில்லை. இன்றிரவு மறுபடி பார்க்கிறேன்.